கடல் வழி விடும் நேரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கலிஃபோர்னியாவின் வடகோடியில், ஒரெகன் எல்லைக்குப் பக்கத்தில், கிரசன்ட் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பாறைத் தீவின் மேல் 1856-இல் கட்டிய பாட்டரி பாயின்ட் லைட்ஹவுஸ் இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் மட்டும் அந்தத் தீவுக்கு நடந்து போகலாம். ஜிபிஎஸ் வைத்து, யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக நானும் என் மகளும் அங்கே போனதைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

ஜூலை கடைசியில் ரெட்வுட் மரங்களைப் பார்க்கக் காரில் கிளம்புகிறோம். வழியில் நீங்கள் எழுதிய லைட்ஹவுஸையும் பார்த்துவிட ஆசை. மகனுக்குப் பதினோரு வயது, ஜியோகேச்சிங் என்றால் உயிர். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் மாமியாரும் கூட வருகிறார்கள். எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும்?
– வாசகி, போர்ட்லண்ட்

போகும் நேரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில், எத்தனை மணிக்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தத் தீவைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

நம் ஊர்க் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஏறி இறங்குவது கண்ணில் பெரிதாகப் படாது. சென்னையில் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். கிரசன்ட் சிட்டியில் அது சுமார் 7 அடி. காலையில் நீங்கள் நடந்து வந்த கல் பாதை பிற்பகலில் ஆள் உயரத் தண்ணீருக்கு அடியில் இருக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஆனால் இரண்டு வற்றமும் ஒரே அளவாக இருக்காது. ஒன்றில் நன்றாக வற்றும், மற்றதில் அரைகுறையாகத்தான் வற்றும். ‘மாலையிலும் ஒரு வற்றம் போட்டிருக்கிறதே’ என்று அட்டவணையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனால், பாதை தெரியவே தெரியாமல் போகலாம். எனவே நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அடிக்கணக்கையும் பாருங்கள். அமெரிக்க அரசின் கடல், வானிலைத் துறையான நோவா அந்த ஊரிலேயே நீர்மட்டமானி வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் அட்டவணை இலவசமாகக் கிடைக்கும். அதில் பூஜ்யம் என்பது, நாள்தோறும் நன்றாக வற்றும் வற்றத்தின் சராசரி மட்டம். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், அன்று அதற்கும் கீழே வற்றும் என்று அர்த்தம்.

கழித்தல் குறியைப் பார்த்ததும் அந்த நாளையே எடுத்துக்கொள்ளத் தோன்றும். அவசரப்படாதீர்கள். கோடையில் இந்தக் கரையில் நல்ல வற்றம் அதிகாலையிலும் காலையிலும் வரும். குளிர்காலத்தில்தான் அது பிற்பகலுக்கும் மாலைக்கும் மாறும். லைட்ஹவுஸ் அருங்காட்சியகம் கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை திறந்திருக்கும், அதுவும் கடல் இடம் கொடுத்தால்தான். காலை 6 மணி வற்றத்துக்குப் போனால் தீவைச் சுற்றி வரலாமே தவிர, கதவு திறப்பதற்குள் தண்ணீர் திரும்பிவிடும். வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் 6 மணி வற்றம் வரும் நாளிலிருந்து நான்கைந்து நாள் தள்ளிப் பாருங்கள், 10 மணியை ஒட்டி ஒரு வற்றம் அமையும். அவ்வளவு கீழே வற்றாது என்பதால் பாதை திறந்திருக்கும் நேரமும் குறையும். அன்று போதுமான இடைவெளி இருக்குமா என்று அருங்காட்சியகத்தை நடத்தும் டெல் நார்ட்டே மாவட்ட வரலாற்றுக் கழகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ரெட்வுட் மரங்களை எந்த நாளும் எந்த நேரமும் பார்க்கலாம். ஆகவே லைட்ஹவுஸுக்கு நாள் குறித்துவிட்டு, காட்டை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கடந்துவிடுவது நல்லது. வற்றம் 10.30 என்றால், பாதை தெரிந்ததும் 10 மணி வாக்கில் போய்விடுங்கள். 11.30-க்குள் எல்லோரும் கரையில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காவலர் அதற்கு முன்பே கிளம்பச் சொன்னால், மறுபேச்சில்லாமல் கிளம்புங்கள். அட்டவணையில் இருப்பது கணக்குதான். காற்றும் அலையும் சேர்ந்தால் அதற்கு மேலேயும் தண்ணீர் ஏறும்.

மாமனார், மாமியார் விஷயம். ‘ஏ’ (A Street) என்ற தெருவின் முடிவில் காரை நிறுத்தலாம், அதுவரை பிரச்சினை இல்லை. அப்புறம் கடல் தரைதான். தேங்காய் அளவு, பூசணி அளவு உருண்டைக் கற்கள், மேலே ஈரப் பாசி, நடுநடுவே அலை ஒதுக்கிய கெல்ப் என்ற கடற்பாசிக் கொடிகள். கெல்ப் பார்க்க ரப்பர் குழாய் மாதிரி இருக்கும், மிதித்தால் கால் நிற்காது. செருப்பு வேண்டவே வேண்டாம். குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் ஷூ, ஆளுக்கு ஒரு கைத்தடி. முழங்கால் வலி இருப்பவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்தே லைட்ஹவுஸ் நன்றாகத் தெரியும், ஃபிளாஸ்க்கில் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் போகலாம். தீவுக்குப் போனாலும் உள்ளே படிகள் குறுகல், மேலே போகப் போகச் செங்குத்தாக ஏற வேண்டும்.

கடக்கும்போது யாரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கக் கூடாது. வட கலிஃபோர்னியாவிலும் ஒரெகனிலும் பத்து நிமிடம் சாதுவாக இருந்த கடல், சொல்லாமல் ஒரு பெரிய அலையைக் கரைக்குள் வெகுதூரம் அனுப்பும். தண்ணீரும் கோடையிலேயே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். நீச்சல் தெரியும் என்ற தைரியம் அந்தக் குளிரில் உதவாது. முழங்கால் அளவு தண்ணீர்தானே, வேகமாகப் போய்விடலாம் என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

டப்பா தேடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் லைட்ஹவுஸ் வீடு, விளக்கு, மாடி. மிச்ச நேரத்தில் தேடல். மகன் முகம் வாடினாலும் பரவாயில்லை. டப்பாவைத் தேடி இன்னொரு நாள் வரலாம். அந்த ஒரு மணி நேரம் லைட்ஹவுஸுக்கு உரியது.

ஜியோகேச்சிங் என்றால் புதையல் தேடுவதா? எடுப்பதை நாமே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருநெல்வேலி

புதையல் மாதிரிதான், ஆனால் உள்ளே விலை போகும் பொருள் எதுவும் இருக்காது. ஒருவர் ஓர் இடத்தில் டப்பாவை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைக்க வேண்டும். பொம்மை, பொத்தான் போல ஏதாவது எடுத்துக்கொண்டால் அதே மதிப்பில் ஒன்றைப் போட வேண்டும். டப்பாவை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

இது எப்படித் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்த கதை. பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகளுக்குப் போகும் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 2 அன்று அதை நிறுத்தினார்கள், ஒரே இரவில் கருவிகள் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஒரெகனில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் இடத்தை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகம், மென்பொருள், கவண், ஒரு பீன்ஸ் டப்பா. அந்தத் துருப்பிடித்த பீன்ஸ் டப்பாவை ஆர்வலர்கள் இன்றும் பாதுகாத்து, கூட்டங்களுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள்.

அக்கா, எனக்குப் பதினான்கு வயது. வசந்த விடுமுறையில் அங்கே போனோம். செயலி 3 மீட்டர் என்று காட்டியது, அம்புக்குறி சுற்றிக்கொண்டே இருந்தது. டப்பா கிடைக்கவே இல்லை. எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் சொல்வீர்களா?
– வாசகர், சான் ஹோசே

சொல்ல மாட்டேன் தம்பி. சொன்னால் ஒளித்து வைத்தவருக்கும் வருத்தம், உனக்கும் கண்டுபிடித்த சந்தோஷம் கிடைக்காது. ஆனால் எப்படித் தேடுவது என்று சொல்கிறேன்.

திறந்தவெளியில்கூடக் கைபேசியின் ஜிபிஎஸ் 5 மீட்டர் வரை தவறும். பாறைச் சரிவுக்கும் கட்டடத்துக்கும் பக்கத்தில் சமிக்ஞை பட்டுத் திரும்புவதால் இன்னும் அதிகமாகத் தவறும். ஒளித்து வைத்தவரின் கருவியிலும் அதே மாதிரி தவறு இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் பத்து மீட்டர் வித்தியாசம் தாராளமாக வந்துவிடும். ஆகவே 10 மீட்டர் என்று காட்டியதுமே கைபேசியைப் பையில் போட்டுவிடு. நின்று சுற்றிப் பார். நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று யோசி. அடுக்கி வைத்த மாதிரி தெரியும் கல், தேவையில்லாத இடத்தில் ஓர் ஆணி, புதரில் கை போன தடம். இதெல்லாம் அம்புக்குறியைவிட நன்றாக வழி காட்டும்.

போவதற்கு முன் அந்த டப்பாவுக்கான இணையப் பக்கத்தில் கடைசியாக எழுதிய பத்துப் பேரின் பதிவுகளைப் படி. வரிசையாக எல்லோரும் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் டப்பாவைக் கடல் கொண்டுபோயிருக்கலாம். கிடைக்காவிட்டால் நீயும் அப்படியே பதிவு போடு. வெட்கப்பட எதுவும் இல்லை, டப்பா தொலைந்துவிட்டதா என்று வைத்தவருக்குத் தெரிய அதுதான் வழி.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த வீட்டின் சுவரில் இருக்கும் கல்லையோ சாந்தையோ நோண்டக் கூடாது. தரையைத் தோண்டக் கூடாது. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் டப்பாவைப் புதைத்து வைக்க விளையாட்டின் விதிகளிலேயே இடமில்லை, அதனால் தோண்ட வேண்டிய தேவையும் வராது. 1856-இல் கட்டிய சுவர் அது. ஒருவர் ஒரு கல்லை அசைத்துப் பார்த்தால், அடுத்து வருபவரும் அதையே அசைப்பார்.

மாமல்லபுரத்தில் 2004 டிசம்பரில் கடல் உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிந்ததை எங்கள் ஊரில் இன்னும் பேசுகிறோம். கிரசன்ட் சிட்டியிலும் சுனாமி வந்ததாக எழுதியிருந்தீர்கள். தீவில் இருந்த விளக்கு எப்படித் தப்பியது?
– வாசகர், மாமல்லபுரம்

உங்கள் கடிதத்தைப் படித்ததும், அதே காட்சியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் பார்த்த இரண்டு பேர்தான் நினைவுக்கு வந்தார்கள்.

1964 மார்ச் 27, புனித வெள்ளி. அன்று மாலை அலாஸ்காவில் 9.2 அளவில் நிலநடுக்கம். பாட்டரி பாயின்ட்டில் கிளாரன்ஸ் கூன்ஸும் அவர் மனைவி பெக்கியும் காவலர்களாகக் குடியிருந்தார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் முதல் அலை வந்தது. வழக்கமாக எந்த ஏற்றத்திலும் தலை காட்டும் பாறைகள் முழுகியிருப்பதை நிலா வெளிச்சத்தில் பார்த்துத்தான், ஏதோ சரியில்லை என்று பெக்கிக்குப் புரிந்தது. தண்ணீர் ஊருக்குள் போய்த் திரும்பியது. பிறகு கடல் பின்வாங்கி, யாரும் பார்த்திராத அளவுக்குத் தரை வெளியே தெரிந்தது. அதை மூடிக்கொண்டு அடுத்த அலை. நான்காவது அலைதான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

ஊரில் 11 பேர் இறந்தார்கள், 29 தெருக்கட்டங்கள் அழிந்தன. முதல் அலைகள் அடங்கியதும், முடிந்துவிட்டது என்று நினைத்துக் கடையையும் வீட்டையும் பார்க்கத் திரும்பிப் போனவர்களும் அதில் உண்டு. முதல் அலை போன பிறகும் மணிக்கணக்கில் கரைக்குத் திரும்பக் கூடாது என்று இன்று நாம் படிப்பதற்குப் பின்னால் இந்த ஊரின் துக்கமும் இருக்கிறது.

விளக்கு தப்பியதற்குக் காரணமாக அலை வந்த கோணத்தைச் சொல்கிறார்கள். வீடு பாறையின் உச்சியில் இருப்பதும், சுவர் தடித்த கல்சுவராக இருப்பதும் துணை செய்திருக்கும். இருவரும் உயிரோடு இருந்தார்கள், தாங்கள் கண்டதைப் பெக்கி பிறகு எழுதியும் வைத்தார்.

2011-இல் ஜப்பான் சுனாமி அதே துறைமுகத்தை மறுபடி உடைத்தது. இரண்டு வருடம் கழித்து, 2013 ஏப்ரலில், ஆளில்லாத ஒரு சின்னப் படகு பசிபிக்கைக் கடந்து அந்த ஊர்க் கரையில் ஒதுங்கியது. உடம்பு முழுக்கக் கொட்டலசு என்ற ஓட்டுடைய சிறு கடலுயிர்கள் ஒட்டியிருந்தன. சுரண்டிப் பார்த்தால், சுனாமியில் சிதைந்த ரிகுசென்டகாட்டா ஊரின் டகாட்டா உயர்நிலைப் பள்ளிப் படகு. டெல் நார்ட்டே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதைச் சுத்தம் செய்து ஜப்பானுக்கே திருப்பி அனுப்பி வைத்தார்கள். 2018-இல் இரண்டு ஊர்களும் சகோதர நகரங்களாயின. உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது உடனே புரியும்.

அங்கே போகிற எல்லோருக்கும் ஒன்று. கரைக்கு அப்பால் கடலடியில் பெரிய நிலநடுக்கப் பகுதி இருக்கிறது. தரை நீண்ட நேரம் ஆடினால் சைரனுக்காகக் காத்திருக்காதீர்கள், மேட்டை நோக்கி ஊருக்குள் நடங்கள்.

அந்தத் தீவில் இப்போதும் யாராவது குடியிருக்கிறார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

குடியிருக்கிறார்கள். தன்னார்வலர்கள் முறை வைத்து வந்து தங்கி, வீட்டையும் விளக்கையும் பார்த்துக்கொள்கிறார்கள், வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். 1953-இல் விளக்கு தானியங்கி ஆனது. 1965-இல் அணைத்துவிட்டார்கள். ஊர் மக்கள் விடாமல் முயன்று 1982 டிசம்பர் 10 அன்று மறுபடி ஏற்றினார்கள். முதல்முதல் ஏற்றிய நாளும் ஒரு டிசம்பர் 10, வருடம் 1856.

கோபுரம் தனியாக நிற்காது. ஒரு சின்னக் கல்வீட்டின் கூரை நடுவிலிருந்து எழும். அடுக்களை, படுக்கையறை, அதைத் தாண்டினால் விளக்குக்குப் படி. குடும்பமும் வேலையும் ஒரே கூரைக்குள். ஜான் ஜெஃப்ரி என்ற காவலர் 1875 முதல் 1914 வரை 39 வருடம் அங்கே இருந்தார், மனைவி நெல்லியோடு பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தார். 1879 புயலில் அலை ஒன்று அடுக்களைச் சுவரை உடைத்து அடுப்பைக் கவிழ்த்ததாம், தீப் பிடித்ததாம், அடுத்த அலை வந்து அந்தத் தீயை அணைத்ததாம். அந்த அடுக்களையில் நின்று அந்த வாசலைப் பார்க்கும்போது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கடல் வற்றும் நேரம் பார்த்து அனுப்பிய ஒரு தாயைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். இதற்காகத்தான் டப்பாவைக் கடைசியில் தேடச் சொல்கிறேன்.

தங்கத்தோடு மூழ்கிய கப்பல் அந்தப் பக்கம்தான் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், மதுரை

உண்மை. பிரதர் ஜொனாதன் என்ற நீராவிக் கப்பல், 1865 ஜூலை 30 அன்று ஊருக்கு வடக்கே செயின்ட் ஜார்ஜ் பாறைத் தொடரில் மோதி மூழ்கியது. 19 பேர்தான் பிழைத்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். 1993-இல் கப்பலைக் கண்டுபிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தங்க நாணயங்களை எடுத்தார்கள். யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 1998-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. என்னைக் கேட்டால், தங்கத்தைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். இந்த விபத்தால்தான் நடுக்கடலில் அந்தப் பாறைத் தொடரிலேயே ஒரு பாறை மேல் இன்னொரு விளக்கு கட்டினார்கள். 1892-இல் அதை முதன்முதலாக ஏற்றியபோது செலவு ஏழு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவிலேயே அதிகச் செலவில் கட்டிய லைட்ஹவுஸ் அது.

இங்கிலாந்தில் இந்த மாதிரி நடந்து போகும் லைட்ஹவுஸ் உண்டா?
– வாசகி, நியூகாஸில்

உங்கள் வீட்டிலிருந்து மெட்ரோ ஏறினால் போய்விடலாம். விட்லி பே ஊருக்கு வடக்கே செயின்ட் மேரிஸ் தீவு. 1898-இல் ஏற்றிய வெள்ளைக் கோபுரம், 1984-இல் பணி ஓய்வு பெற்றது, மேலே போக 137 படி. கரையிலிருந்து காங்கிரீட் பாதை போட்டிருப்பதால் கிரசன்ட் சிட்டி மாதிரிக் கல்லில் தடுமாற வேண்டாம். ஆனால் பாதை ஏற்றத்தில் முழுகிவிடும். நடப்பதற்குச் சுலபம் என்பதாலேயே நேரத்தை மறப்பதும் சுலபம், கவனம். கடக்கும் நேரங்களை நார்த் டைன்சைடு கவுன்சில் வெளியிடுகிறது.

அங்கே சீல்கள் பாறையில் ஏறிப் படுத்திருக்கும். அருகே போனால் பயந்து தண்ணீருக்குள் பாயும், அதற்கு வேண்டிய ஓய்வு கெட்டுவிடும். டப்பா தேடும் சாக்கில் பாறைப் பக்கம் இறங்காதீர்கள். ஜியோகேச்சிங்கில் எர்த்கேஷ் என்று ஒரு வகை உண்டு. டப்பாவே கிடையாது. இடத்தில் நின்று பாறையையும் மண்ணையும் பார்த்துக் கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். இந்த மாதிரி உயிர்கள் வாழும் கரைக்கு அதுதான் ஏற்றது. பிள்ளைகளோடு போனால் அந்த வகையில் அருகில் ஏதாவது இருக்கிறதா என்று செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். கோபுரம் திறந்திருக்கும் நாட்கள் மாறும், கடக்கும் நேரத்தோடு அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.